கோட்டைக் கடந்ததா

முதலில் அந்தப் பந்தைச் சொல்ல வேண்டும்.
பிளாடரில் ஏழு ஒட்டு.
சைக்கிள் கடை நவநீதன் சொலூசன் தடவி,
ஊதி, காதருகே வைத்துக் கேட்டு,
"இண்டைக்கு ஒரு பாதி தாங்கும்" என்பான்.
மற்றப் பாதிக்கு
ஆற்றையேன் நேர்த்தி.

நான் விளையாடினதில்லை.
எங்கள் கல்லூரியில் பெட்டையளுக்கு வலைப்பந்து,
அதற்கு வலையும் இல்லை, பந்தும் இல்லை.
நான் பார்த்தேன்.
கணக்கியல் கொப்பியின் பின்பக்கத்தில்
நடுவே கோடு கீறி
இடப்பக்கம் நாங்கள் அடித்தது,
வலப்பக்கம் வாங்கினது.
அந்த ஐந்தொகை ஒரு வருசமும் சமப்படவில்லை.

முழங்காவில் ஆட்டத்துக்கு
உழவு மெசின் பெட்டியில் நாற்பது பேர்.
பாதி வழியில் மழை.
மைதானம் முழுக்கச் சேறு,
மாடொன்று படுத்தெழும்பின இடம் மட்டும் காய்ந்திருந்தது.
மோகனரூபன் அந்த இடத்தைக் கண்டுவைத்துவிட்டான்.
பந்தை அங்கேயே கொண்டுவந்து
கொண்டுவந்து
அடித்தான். மூன்று கோல்.
வீட்டுக்கு வரும்போது எனக்குக் குரல் இல்லை.
"பேய் கீய் பிடிச்சதோ" என்றா அம்மா.
ஓமெனத் தலையாட்டினேன்.

தோற்றதெல்லாம் இப்போது வேண்டாம்.
ஒட்டுசுட்டானில் மட்டும்
பந்து நடுவானில் காற்றுப் போய்
தோசை மாதிரிக் கம்பத்துக்குள் விழுந்தது.
கோல் என்று எழுதினேன்.
வெட்டினேன்.
வெட்டினதை வெட்டினேன்.

கண்டி வீதி திறந்த வருசம்
புதுப்பந்து வந்தது. முகர்ந்து பார்க்க வரிசை நின்றோம்.
இறுதியாட்டம் கடற்கரைப் பெடியளோடு.
வெறுங்கால். மணலில் ஓடி இறுகின கால்.
எங்கள் செம்மண்ணை ஒருதரம் உதைத்துப் பார்த்து
"இது கிரவுண்டோ, றோட்டோ" என்று சிரித்தார்கள்.
சிரித்துக்கொண்டே ஒன்று போட்டார்கள்.
கடைசி நிமிசத்தில் நாங்கள் ஒன்று.
அதை நான் காணவில்லை,
முன்னால் நின்றவன் துள்ளிவிட்டான்.

மேலதிக நேரம் முடியப் பொழுதும் பட்டது.
"மிச்சம் நாளைக்கு" என்றார் அதிபர்.
ஆர் போவினம்?
மூன்று லான்ட்மாஸ்டர், ஒரு மோட்டார் சைக்கிள்,
கம்பத்தைப் பார்க்க நிறுத்தி லைட்டைப் போட்டார்கள்.
புகையும் இரைச்சலும் பூச்சியுமாய்
பெனால்டி.

அவர்களின் கடைசி அடி.
இது விழாவிட்டால் கிண்ணம் எங்களுக்கு.
இலக்கம் பதினொன்று, ஒல்லியன்,
ஓட முதல் இடத்தோளைச் சரிப்பான்.
கோலியாக எங்கள் சுகிர்தன்,
கண்ணுக்குள் போன பூச்சியைத் துடைக்கிறான்,
அடித்தான்,
நடு லான்ட்மாஸ்டர் இருமி நின்றது.

இருட்டு.

மற்ற லைட்டுகளைத் திருப்பினபோது
பந்தைக் கட்டிப்பிடித்தபடி
கோட்டின் மேல் கிடந்தான் சுகிர்தன்.
கோடு சாம்பலால் போட்டது.
அது அவன் சேட்டில் இருந்தது.
நடுவர் டோர்ச் அடித்துக் குனிந்தார்,
நெடுநேரம்,
ஏதோ காசு தொலைத்தவர்போல்.
பிறகு கையை ஆட்டினார்: இல்லை.

போன மாதம் கிளிநொச்சி பஸ் நிலையத்தில்
மீன் பெட்டி தூக்க
ஒருவர் இடத்தோளைச் சரித்தார்.
"நீங்கள் பதினொண்டு" என்றேன்.
பெட்டியை வைத்தார். பார்த்தார்.
"நீங்கள் அந்தக் கொப்பிக்காரி."
அங்கிருந்து என்னைப் பார்த்திருக்கிறார்கள்!
கொப்பி எங்கே என்றார்.
ஆனந்தபுரத்தில் ஒரு பங்கருக்குள் விட்டது என்றேன்.
சுகிர்தனைக் கேட்டார்.
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை,
அவர் திருப்பிக் கேட்கவும் இல்லை.

"அது கோட்டைக் கடந்ததோ?"
"நான் கண்ணை மூடிக்கொண்டெல்லோ அடிச்சனான்" என்றார்.
"சத்தம் கேட்டது. ஆற்றை சத்தமெண்டு தெரியேல்லை."

முல்லைத்தீவு பஸ் வெளிக்கிட்டது.
மிதிபலகையில் நின்று திரும்பி,
பெட்டி, பை, கொண்டக்டர் எல்லாவற்றுக்கும் மேலால்
கத்தினார்:
"அது கோல்தான்!"

"இல்லை!" என்று கத்தினேன் நானும்,
கடலை விற்கிறவர் திடுக்கிட,
பிள்ளையின் கையை விட்டுவிட்டு
பஸ்சுக்குப் பின்னால் நாலடி ஓடி,
"இல்லை, இல்லை!"